ஒரு திருகாணிதானே என்கிறார்கள்



"தாத்தா துப்பாக்கி பரண்ல கிடக்கு சார். ஒரு பின்னும் திருகாணியும்தான் போயிருக்கு. கொஞ்சம் மாத்தி அமைச்சா காட்டுப்பன்னிக்கு ஆகும்." செங்கல்பட்டுப் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு சகஜம். ஏர்கன் வைத்திருக்கும் பையன்களும் இதையேதான் கேட்கிறார்கள். எந்தத் திருகாணி போடலாம்? கேள்வியே தப்பு என்கிறேன் நான்.

துப்பாக்கியில் சின்னச் சாமான் என்று எதுவும் கிடையாது. குழலைக் கட்டையோடு பிடித்து வைப்பதும், வெடிக்கும் பாகத்தை விலகாமல் நிறுத்துவதும் இந்தச் சின்னச் சாமான்கள்தான். அந்தக் காலத்து இங்கிலீஷ் மஸ்கட்டில் குறுக்கே போன ஊசிகள் குழலைப் பிடித்தன. பிரெஞ்சு மஸ்கட்டில் உலோகப் பட்டைகள். நம் சதுரங்கப்பட்டினத்துக் கடலில் இந்த இரு நாட்டுக் கப்பல்களும் 1782 பிப்ரவரி 17-ல் மோதின. மூன்று வருஷம் கழித்து, பாரிஸில் ஓனொரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலாளி, விசைப் பூட்டின் பாகங்களை ஒரே அளவில் செய்து குவித்து வைத்தார். அமெரிக்கத் தூதர் ஜெஃபர்சன் கைக்கு வந்த துண்டுகளை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார்; எல்லாம் பொருந்தின. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சின்னத் துண்டின் அளவுக்கு அன்றைக்கே அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"ரைஃபிளை யாருமே மாற்றியதில்லையா?" என்பார்கள். மாற்றினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் .303 ரைஃபிளைப் போலீஸுக்காக .410 மஸ்கட்டாக மாற்றியது இஷாப்பூர் தொழிற்சாலை. தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட முடியும்படி செய்தார்கள். ஆனால் அது அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை. அளவு பார்க்க ஆள், சுட்டுச் சோதிக்க இடம், தேறியதற்கு முத்திரை எல்லாம் உண்டு. வீட்டுத் திண்ணையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருகிறவரிடம் இதில் எது இருக்கிறது?

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்களே, சான்றிதழ் இல்லாத போல்ட்டை அங்கே மாட்ட விடுவார்களா? ஹார்டுவேர் கடை போல்ட்டின் தலையில் இருக்கும் 8.8 என்ற எண் அதன் இழுவலிமையைச் சொல்கிறது. மோட்டாருக்கு அது போதும். தோட்டா வெடிக்கும்போது கண் இமைப்பதற்குள் சதுர அங்குலத்துக்குப் பல டன் அழுத்தம் வருகிறது. பத்து முறை தாங்கியது பதினோராவது முறை பறக்கலாம். சுடுகிறவனின் கண் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆயுசு பூராவும் ஃபைல் பார்த்தவன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் மாற்றுவதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரை போகலாம். பன்றி பயிரை அழிக்கிறது என்பது நியாயமான குறை. அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள், இழப்பீடு கேளுங்கள். சுட வேண்டியிருந்தால் சுடுவது அவர்கள் வேலை.

இனி என் வயதுக்காரர்களுக்கு. லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால், துப்பாக்கியைத் தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். 2016 விதிகளின்படி, உங்களுக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, நீங்கள் இருக்கும்போதே வாரிசு மனுப் போட வழி இருக்கிறது. நாளைக்கு மகன் கோர்ட்டு வாசலில் நிற்பதைவிட இன்றைக்கு நீங்கள் கலெக்டர் ஆபீஸ் படியேறுவது மேல்.

லைசென்ஸே இல்லாத துப்பாக்கி பரணில் இருந்தால் அதை நோண்டாதீர்கள். உள்ளே மருந்து இருக்கிறதா என்று தட்டியும் பார்க்காதீர்கள். நல்ல வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் கோடை லீவுக்கு வந்து பரணில் ஏறுவதற்கு முன்னால் செய்யுங்கள்.