கண்காட்சிக்கு விலக்கு, கருத்தரங்குக்குத் தடையா?

தில்லி பாரத் மண்டபத்தில் 2025 நவம்பர் 3ஆம் தேதி தொடங்கிய அறிவியல் தொழில்நுட்ப மாநாட்டில், ஆராய்ச்சிக்காக ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். வரவேற்கிறேன். ஆனால், 1914இல் கொல்கத்தாவில் பிறந்த இந்திய அறிவியல் காங்கிரஸ் 2024 ஜனவரியிலும் கூடவில்லை, 2025 ஜனவரியிலும் கூடவில்லை. அதற்கு அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் கொடுத்துவந்தது. நிதி முறைகேடு என்று காரணம் சொல்லி 2023 செப்டம்பரில் கையை விரித்துவிட்டது.

5 கோடி எவ்வளவு என்பதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 44 ஆயிரம் கோடி ரூபாய். நாளைக்கு 120 கோடி. மணிக்கு 5 கோடி. நாடு முழுவதிலிருந்தும் ஆய்வாளர்களும் மாணவர்களும் திரண்டு ஐந்து நாள் பேச அரசு கொடுத்த பணமும், இந்த ஒரே ஊர் ஒரு மணி நேரத்தில் கப்பலேற்றும் பனியனின் மதிப்பும் ஒன்று. எட்டு மணி நேர ஷிப்டு ஒன்று முடிவதற்குள் எட்டு மாநாட்டுக்கான தொகை தேறிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் சிக்கனம் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. அவர்கள் கணக்குப் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

சிக்கன உத்தரவுகள் புதிதல்ல. 2014 அக்டோபர் 29 அன்று மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை எல்லா அமைச்சகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. திட்டம் சாராச் செலவில் 10 சதவீதம் வெட்டு, ஐந்து நட்சத்திர ஓட்டலில் கூட்டம் நடத்தத் தடை, வெளிநாடு செல்லும் குழுக்களில் ஆள் குறைப்பு. இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. என்னை உறுத்துவது வேறொரு விதி. வெளிநாட்டில் கண்காட்சி, கருத்தரங்கு, மாநாடு நடத்துவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றது அது. வணிக மேம்பாட்டுக்கான கண்காட்சிக்கு மட்டும் விலக்கு. 2013 செப்டம்பரில் முந்தைய ஆட்சி போட்ட உத்தரவிலும் இதே விலக்கு இருந்தது. ஆட்சி மாறியும் கருவூலத்தின் மனம் மாறவில்லை. சரக்கு விற்கப் போனால் அது முதலீடு. அறிவு தேடிப் போனால் வீண்செலவு.

அந்த விலக்கின் பயனை அனுபவித்த ஊரிலிருந்துதான் இதை எழுதுகிறேன். பாரிஸிலும் லாஸ் வேகஸிலும் நடக்கும் ஆடைக் கண்காட்சிகளுக்குப் போகும் சிறு ஏற்றுமதியாளருக்கு விமானக் கட்டணத்தில் ஒரு பங்கையும் ஸ்டால் வாடகையில் ஒரு பங்கையும் அரசு தந்துவந்திருக்கிறது. தரத்தான் வேண்டும். பையர் துணியை விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும், துணியின் எடையான ஜி.எஸ்.எம். கேட்க வேண்டும், முகத்தைப் பார்த்து விலை பேச வேண்டும். ஆயிரம் போட்டோவை மெயிலில் அனுப்பினாலும் ஆர்டர் விழாது என்பது இங்கே கட்டிங் மாஸ்டருக்குக்கூடத் தெரியும். 2023இல் மிலான் நகரில் நடந்த இட்மா எந்திரக் கண்காட்சிக்கு நம் ஊர் நிட்டிங், டையிங் முதலாளிகள் போய்வந்தபோது, ஊர் சுற்றப் போனார்கள் என்று எவரும் சொல்லவில்லை. அந்த நியாயம் விஞ்ஞானிக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டிய ஊர் திருப்பூர். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு போய்விடும். அது ஆண்டுக்கணக்காக நொய்யல் ஆற்றில் போனது. அந்த ஆற்றில் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று உழவர்களே கெஞ்சிய கொடுமை இந்த மண்ணில் நடந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத முறை ஒழுங்காக வேரூன்றியது. ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம். எரிபொருள் செலவு முதுகை ஒடிக்கிறது. கடைசியில் தேறும் கலப்பு உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்குள்ள அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புநீரைச் சுத்தம் செய்து சாயமேற்றவே திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியைச் செய்து காட்டினார்கள். காய்ச்சும் வேலையில் பெரும்பங்கு அதில் மிச்சம்.

இப்படிப்பட்ட வழிகள் ஆய்விதழைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வருவதில்லை. ஆய்விதழில் பெரும்பாலும் ஜெயித்த சோதனைதான் அச்சாகும். ஆர்.ஓ. சவ்வு எத்தனை மாதத்தில் அடைத்துக்கொண்டது, எதைப் போட்டுக் கழுவியும் ஏன் திறக்கவில்லை என்பதையெல்லாம் தோற்றவர் வாயால்தான் கேட்க வேண்டும். அதை அவர் கருத்தரங்கின் டீ இடைவேளையில்தான் சொல்வார். கழிவுநீர் ஆய்வில் இருக்கும் என் தோழி ஒருவருக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை ஏற்கப்பட்டது. தங்குமிடம் அவர்களே தருவதாகச் சொன்னார்கள். இவர் கேட்டது விமானக் கட்டணம் மட்டும். கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கி அனுமதி வந்தபோது, கருத்தரங்கு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பணம்தான் பிரச்சினை என்று இன்னும் நம்புகிறவர்கள் 2021 ஜனவரியை நினைத்துப் பார்க்கட்டும். அரசு நிதி பெறும் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் இணையவழியில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தவும் முன் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவு வந்தது. இணையவழிக் கருத்தரங்குக்கு டிக்கெட் ஏது, பயணப்படி ஏது? நாட்டின் அறிவியல் கழகங்கள் எதிர்த்து எழுதின. அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு காசு செலவில்லாத இடத்திலும் கடிவாளம் கேட்டவர்களுக்குச் சிக்கனம் ஒரு சாக்குத்தான்.

அறிவியல் காங்கிரஸில் என்ன பெரிய அறிவியல் நடந்தது என்று கேட்பார்கள். 2015 மும்பை மாநாட்டில் புராண விமானங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனே அது சர்க்கஸ், இனி வரமாட்டேன் என்று சொன்னார். அவர் கோபம் நியாயமானது. அதைக் காட்டி மாநாட்டையே பட்டினி போட்டதில் நியாயமில்லை. சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்து, சீர்திருத்தித் திறக்க வழி செய்தது. ஆற்றைக் கெடுத்த தொழிலுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு நூறாண்டு கண்ட மாநாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்கா இந்தத் தவற்றை முன்பே செய்து பார்த்தது. ஓர் அரசு நிறுவனம் லாஸ் வேகஸ் கூட்டத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் இறைத்தது அம்பலமானதும், 2012இல் எல்லாத் துறைகளின் பயணச் செலவிலும் 30 சதவீதம் வெட்டச் சொன்னார்கள். கூத்தடித்தவர்கள் அலுவலக நிர்வாகிகள். அடி விழுந்தது ஆய்வுக்கூடங்கள் மீது. அந்நாட்டுத் தரைப்படையின் ஆய்வுக்கூடத்தில் மாநாட்டுப் பங்கேற்பு 2011இல் சுமார் 1,300ஆக இருந்து 2013இல் சுமார் 100ஆகச் சரிந்ததை அவர்களுடைய தணிக்கை அமைப்பே 2015இல் பதிவு செய்தது.

நாமோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாடு. சீனா 2 சதவீதத்தைத் தாண்டிப் பல ஆண்டாகிறது. இந்த 0.64க்குள்ளும் பயணச்சீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

நிதி அமைச்சகம் செய்ய வேண்டியவை இரண்டே திருத்தங்கள். வணிகக் கண்காட்சிக்கு விலக்கு தரும் இடத்தில், கட்டுரை ஏற்கப்பட்ட அறிவியல் கருத்தரங்கையும் சேர்க்கட்டும். முப்பது நாளில் பதில் வராத கோப்புக்கு அனுமதி கிடைத்ததாகவே பொருள் என்று எழுதட்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இவற்றை, ஏற்றுமதிக்கான வரித் திருப்பமாகிய டிராபேக்கைக் கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும். 1990களில் நம் கழிவுநீர் விஞ்ஞானிகள் பத்துப் பேரை ஆண்டுதோறும் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தால், ஒரத்துப்பாளையம் இன்று பாசன அணையாகவே இருந்திருக்கும்.