யாருக்கு அமைதி?

என் தரம் நான்கில் ஒரு பிள்ளை கதிரையில் இருப்பதேயில்லை. தில்லையடியில், பாடசாலை வாசலில் வைத்து அவனது உம்மா கேட்டார்: "மூளையில ஒரு ஒப்பரேசன் செஞ்சா அடங்கிருவானாம், மெய்யா சேர்?"

மெய்தான். 1960களிலும் 70களிலும் சென்னையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம் ஆகிய வைத்தியர்களின் குழு அதனைச் செய்தது. சிறுவர்களுக்கும் செய்தது. அச்சத்தோடும் ஆத்திரத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியை அழித்தார்கள். நோயாளி அமைதியாகி, மற்றவர்கள் சமாளிக்கக்கூடியவராக வேண்டும் என்பதே நோக்கம்.

அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. களைத்துப்போன பெற்றோரையும் குறைகூறேன். ஆனால் அந்த அமைதி யாருக்கு? பிள்ளைக்கா, நமக்கா? கட்டியை அகற்ற மூளையைத் திறப்பது வேறு. நமது தொல்லை தீரத் திறப்பது வேறு. அழித்த பகுதி மீண்டும் முளைக்காது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் சம்மதமும் மனநலச் சபையின் அனுமதியும் இன்றி இத்தகைய சத்திரசிகிச்சை கூடாது என்கிறது. நல்லது. பத்து வயதுகூட ஆகாதவனின் சம்மதத்தை யார் தருவது?

சத்தமில்லாத வகுப்பே நல்ல வகுப்பு என்றுதான் கலாசாலையில் நானும் படித்து வந்தேன். சத்திரக்கத்தி இல்லாமலே எத்தனை பிள்ளைகளை அடக்கியிருப்பேன்! அந்த உம்மாவிடம் வேண்டாம் என்றேன். அவன் இப்போது நின்றுகொண்டே எழுதுகிறான்.