ஒரு வாக்கால் வந்தது, ஒரு வாக்கால் போனது



2025 ஒக்ரோபரில் எங்கள் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது. ஒன்ராறியோவில் இருக்கும் நாங்கள் மின்சாரக் கார்களுக்கான ஒரு பிளாஸ்ரிக் பாகத்தைச் செய்து எல்லைக்கு அப்பால் அனுப்புகிறோம். அமெரிக்காவில் சலுகை முடிந்துவிட்டது, வரிச் சண்டையும் சேர்ந்து ஓடர் குறைந்துவிட்டது என்றார் சூப்பர்வைசர். அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெசின் அண்ணை கேட்டார்:

"தம்பி, வாக்குப் போட்டவன் அமெரிக்கன். என்ரை ஓவர்டைம் ஏன் போகுது?"

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் தேடி வாசித்து, அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பூமி சூடாவதைக் குறைப்பதற்காக 2022 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் பெரிய சட்டமொன்று வந்தது. புதிய மின்சாரக் கார் வாங்குபவருக்கு 7,500 டொலர் வரை வரிச்சலுகை. ஆனால் கார் வட அமெரிக்காவில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கனடாவும் அதற்குள் அடக்கம். செனற்சபையில் வாக்குகள் 50க்கு 50 என்று நின்றன. துணை ஜனாதிபதி கமலா ஹரிஸின் ஒரு வாக்கால் சட்டம் தப்பியது. குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட, இரு சபைகளிலும், ஆதரிக்கவில்லை.

2025 யூலை 4 அன்று ஜனாதிபதி ட்ரம்ப் வேறொரு சட்டத்தில் ஒப்பமிட்டார். கார்ச்சலுகை செப்ரெம்பர் 30 உடன் முடிந்தது. இங்கும் செனற்சபையில் 50க்கு 50. இம்முறை துணை ஜனாதிபதி வான்ஸின் ஒரு வாக்கு. ஜனநாயகக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை.

"அவங்கள் எப்பவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார் அண்ணை.

இல்லை. 1970இல் காற்றைச் சுத்தமாக்கும் சட்டம் செனற்சபையில் 73க்கு 0 என்று நிறைவேறியது. ஒப்பமிட்டவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். 1992இல் றியோ காலநிலை உடன்படிக்கையில் ஒப்பமிட்டவரும் அதே கட்சியின் மூத்த புஷ்தான். ஒற்றுமை எப்போதும் நன்மைக்கே என்றும் சொல்லமுடியாது. 1997இல், வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத ஒப்பந்தம் வேண்டாம் என்று 95க்கு 0 என்று தீர்மானித்ததும் இதே செனற்சபைதான்.

2009இல் புகைக்கு வரம்பு வைக்கும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று தப்பியது. அப்போதும் 8 குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். 44 ஜனநாயகக் கட்சியினர் எதிர்த்தார்கள். தங்கள் ஊரின் நிலக்கரியையும் வேலையையும் பார்த்து வாக்களித்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். செனற்சபையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

பிறகு அந்தத் துணிவு குறைந்தது. தென் கரோலினாவின் பொப் இங்லிஸ் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், பூமி சூடாவது உண்மை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2010இல் சொந்தக் கட்சிக்காரரே உள்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். மற்றவர்களுக்கு அது பாடமாகிவிட்டது. எதிர்க்கட்சியை விடத் தன் கட்சிக்கே பயப்பட வேண்டிய நிலை.

2024 ஓகஸ்ட்டில் குடியரசுக் கட்சியின் 18 உறுப்பினர்கள், எங்கள் தொகுதிகளில் தொழிற்சாலைகள் எழும்புகின்றன, சலுகைகளை முழுதாக வெட்டாதீர்கள் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த வருடம் சபையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கட்சியோடுதான் வாக்களித்தார்கள். கடிதத்தில் ஊர் இருந்தது, வாக்கில் கட்சி இருந்தது.

இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே அதிகமாகக் காற்றில் மின்சாரம் எடுப்பது குடியரசுக் கட்சியின் கோட்டையான ரெக்சாஸ் மாநிலம்.

"அப்ப எந்தக் கட்சி நல்ல கட்சி?" என்றார் அண்ணை.

அதை நான் சொல்லமாட்டேன். ஒரு சட்டம் வந்தால், மற்றப் பக்கத்தில் எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று பாருங்கள் என்றேன். ஒருவரும் இல்லையென்றால், அடுத்த தேர்தல் வரைக்குந்தான் அதற்கு ஆயுள். அதை நம்பி வீட்டுக் கடன் எடுக்கவேண்டாம்.

அண்ணைக்கு விரைவில் குடியுரிமைச் சோதனை. இங்கே முதல் வாக்குப் போடப்போகிறார். வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறதாம்: "உங்கடை கட்சி பிழை விட்டால் நீங்கள் எந்தப் பக்கம்?"

நீங்களும் கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.