தரையில் ஓதமா? வினைல் ஷீட் வாங்க ஓடாதீங்க!

தை பிறந்தும் கீழ்த்தள அறையில் கால் வைத்தால் சில்லென்று ஒட்டுகிறதா? பாய் விரித்துப் படுக்கும் பாட்டிக்குக் காலையில் பாயின் அடிப்பக்கமே நமநமத்திருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வினைல் ஷீட் வாங்கி ஒட்டுகிறார்கள் பலர். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கும், பசை விடும், பூஞ்சை வாடை கிளம்பும். லேமினேட் இன்னும் மோசம், ஊறி உப்பிவிடும்.

செலவுக்கு முன் ஒரு சோதனை. ஒன்றரை அடி சதுர பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் மேலே மட்டும் ஈரம் என்றால் அது காற்றிலிருந்து வருவது. ஃபேன் ஓடினாலே பெரும்பாலும் குறையும். தாளுக்கு அடியில் வியர்த்திருந்தால் மண்ணிலிருந்து ஏறுகிறது. அப்போது முதலில் சுவரோரக் குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் கசிகிறதா என்று பாருங்கள்.

பட்ஜெட் சிறியதென்றால் கடப்பா கல் போதும். கறுப்பாக இருக்கிறதே என்று பெண்கள் முகம் சுளிப்பதுண்டு; ஆனால் ஈரத்தில் உப்பாது. இணைப்புகளில் உப்பு பூத்தால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். டைல்ஸ் என்றால் வழுக்காத மேட் ரகம். ரெட் ஆக்சைடு அழகுதான், ஓதத்தில் வெளுத்துப்போகும்.

பழைய தரையை உடைத்துப் போடுவதானால், கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரத்தைச் சுவர் மேல் சற்று ஏற்றிவிடச் சொல்லுங்கள். கொத்தனார் ‘அதெல்லாம் வேண்டாம்மா’ என்பார். கான்கிரீட் கொட்டும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.