விண்டலூ வீரர்கள்

இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்கள் வெளியூர் மேட்ச்சுக்குப் போனால் ஒரு சடங்கு உண்டு. பகலெல்லாம் பீர், தொண்ணூறு நிமிஷம் கூச்சல், ராத்திரி அந்த ஊர் 'கறி ஹவுஸ்'. மெனுவில் இருப்பதிலேயே காரமான விண்டலூவை வரவழைத்து, கண்ணில் தண்ணீர் வழியத் தின்று முடித்தால்தான் ஆம்பளை! 1998 உலகக் கோப்பையின்போது 'விண்டலூ' என்றே ஒரு பாட்டு வந்து சக்கைப்போடு போட்டது.

விண்டலூ, போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த வினிகர்-பூண்டு சமாச்சாரம். கடை வாசலில் 'இந்தியன்' போர்டு. உள்ளே கரண்டி பிடிப்பவர் பெரும்பாலும் வங்கதேசத்து சில்ஹெட்காரர். இருக்கட்டும், சாப்பாட்டுக்கு ஏது பாஸ்போர்ட்?

ஆனால், ஆளுக்கு இருக்கிறதே! 2001 ஏப்ரலில், அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்று புகழ்ந்தார். அடுத்த மாதமே ஓல்டாமில், ஜூலையில் பிராட்ஃபோர்டில் இனக் கலவரம். கோழிக்குக் குடியுரிமை கொடுத்தாச்சு. குழம்பு வைத்தவரிடம் மட்டும், அங்கேயே பிறந்த அவர் பிள்ளையிடமும்கூட, 'நிஜமா நீ எந்த ஊரு?' என்கிற விசாரணை ஓயவில்லை.

நாலு பிளேட் விண்டலூவை முழுங்குவதெல்லாம் என்ன பிரமாதம்? போதை ஏறிய மேஜையில் ஒருத்தன் சர்வரைக் கேலி செய்யும்போது, 'வாயை மூடுறா' என்று கூட வந்தவன் சொல்லட்டும். அவனை ஆம்பளை என்று ஒப்புக்கொள்ளலாம்.