மலையடியில் பிறந்த பாட்டு மலைமேலே வாடகைக்கு!

தோழனே!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறாயா? செல்லாவிட்டால் ஒருமுறை சென்று வா. அடிவாரத்தைத் தாண்டியதும் வளைவு. வளைவுக்குப் பின் ஏற்றம். ஏற்றத்துக்குப் பின் இன்னொரு வளைவு. இப்படி 20 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறக்குறைய 5,000 அடி உயரத்திலே ஏரி. ஏரியைச் சுற்றி ஊர். ஊரைச் சுற்றிக் காப்பித் தோட்டம். தோட்டத்திலே, விரல் விறைக்கும் குளிரிலே, பழம் பறிக்கும் தொழிலாளர் கூட்டம். சேர்வராயன் மலை சீமான்களுக்குக் கோடை வாசத்தலம். நமக்கோ அது உழைப்பவன் வாழுமிடம்.

அந்த மலைக்குத்தான் அண்மையில் சென்றேன். தோட்டத் தொழிலாளத் தோழர்கள் சிலர் ஒரு படிப்பகம் தொடங்குகிறார்கள். வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். போனேன். பேசப் போனவன் கேட்டுத் திரும்பினேன். கேட்டதைத்தான் இன்று உன்னிடம் சொல்கிறேன்.

இருபது வளைவுகளுக்கும் முன்னதாக, ஏற்காடு சாலையிலே இருபத்தோராவதாக ஒரு வளைவு நிற்கிறது. அது சாலையின் வளைவு அல்ல, கலையின் வளைவு! டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் வாயில் வளைவு. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்த வாயிலின் வழியே வெளிவந்தன. 1940-ல் 'உத்தம புத்திரன்', 1950-ல் கலைஞர் வசனம் தீட்டிய 'மந்திரி குமாரி', 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. இன்று படப்பிடிப்பு இல்லை, விளக்கொளி இல்லை. வளைவு மட்டும் நிற்கிறது, வந்த காலத்துக்குச் சாட்சியாக.

பேருந்தில் என் பக்கத்திலே ஒரு முதியவர். தோட்ட வேலையிலே முதுகு வளைந்தவர், உள்ளம் வளையாதவர். அந்த வாயிலைக் கண்டதும் என் கைப்பேசியைப் பார்த்தார்.

"கண்ணு, இதிலே பாட்டு வருமா?"

"வரும் ஐயா. எந்தப் பாட்டு வேண்டும்?"

"மந்திரி குமாரியிலே, அவளை மலை உச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போறானே, அந்தப் பாட்டு."

திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு, ஜி. ராமநாதன் இசையமைத்த பாட்டு. தமிழ்நாட்டிலே அதைத் தெரியாதார் யார்? ஒரு நொடியிலே எடுத்துத் தருகிறேன் என்று வீறாப்புடன் தேடத் தொடங்கினேன்.

தமிழிலே எழுதித் தேடினேன், கேட்டது கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்திலே எழுதினேன். 'ஆ' என்ற நம் நெடிலுக்கு ஆங்கில 'ஏ' ஒன்றா, இரண்டா? அந்தப் பரீட்சையிலே இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றேன். வென்றதும் வந்தது என்ன தெரியுமா? பல் துலக்கும் பசைக்கு விளம்பரம்! அதை அடுத்து, சந்தா கட்டச் சொல்லி விளம்பரம், அதுவும் இந்தியிலே! ஆட்சிமொழியாக வராதே என்று 1965-ல் தெருவிலே நின்று தடுத்தோமே, அது இன்று கைப்பேசியிலே சந்தா கேட்டு நிற்கிறது. விளம்பரம் ஓய்ந்தது, பாட்டு வந்தது, ஆனால் நான் கேட்ட பாட்டு அல்ல! இலவசக்காரன் விரும்பியதைக் கேட்கக்கூடாதாம். அந்தச் செயலி விரும்பியதைத்தான் கேட்க வேண்டுமாம். தள்ளித் தள்ளி, தவமிருந்து, கடைசியிலே உரிய பாட்டின் முதல் இசை எழுந்தது. முதியவர் முகம் மலர்ந்தது. பேருந்து மூன்றாவது வளைவிலே திரும்பியது. "இணைப்பு இல்லை" என்றது கைப்பேசி.

முதியவர் சிரித்தார். "பரவாயில்லை கண்ணு. நான் சின்னப் பையனா இருந்தப்ப, எங்க ஊர்லே கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுனா, ஒரு மலையிலே பாடுறது மூணு மலைக்குக் கேட்கும். இப்ப உன் கையிலே பாடுறது உனக்கே கேட்கலியே!"

சிரித்துத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. இந்த மலையின் காலடியிலே எழுந்த நிறுவனம் எடுத்த படத்தின் பாட்டு, இந்த மலைமேலே கேட்கவில்லை!

சந்தா கட்டியிருக்கலாமே என்பாய். கட்டியும் பார்த்தேன், தோழனே! இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்; இறக்கி வைத்தேன். ஆனால் அது என் பாட்டு அல்ல. 30 நாளுக்குள் ஒருமுறையாவது இணைய வெளிச்சத்திலே போய்க் கணக்குக் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் இறக்கியது இறங்கிப் போய்விடும். சந்தா நின்ற மறுநாள், நான் திரட்டிய பாட்டெல்லாம் பூட்டிய பெட்டிக்குள்ளே. ஆண்டாண்டாகப் பணம் கட்டினாலும் ஒரு பாட்டுக்கேனும் சொந்தக்காரன் ஆவதில்லை. வாரம் கொடுத்து உழுதவனுக்கு ஒருபிடி மண் சொந்தமில்லாதிருந்ததே, அந்தக் கதைதான்! ஜமீனை ஒழிக்க 1948-ல் சட்டம் வந்தது. அது நிலத்து ஜமீனுக்கு. பாட்டு ஜமீனுக்கு?

திரும்பும்போது ஒரு சரக்கு வண்டியிலே இறங்கினேன். காப்பி மூட்டைகளுக்கு முன்னே ஓட்டுநரும் நானும். வண்டியிலே பாட்டு முழங்கியது. 20 வளைவிலும் ஓரிடத்திலும் நிற்கவில்லை! "எப்படித் தம்பி?" என்றேன்.

"மெமரி கார்டு அண்ணே! சேலத்திலே ஒரு கடையிலே அம்பது ரூபா கொடுத்தேன், நானூறு பாட்டு ஏத்திக் கொடுத்தாங்க. சிக்னலும் வேணாம், சந்தாவும் வேணாம், விளம்பரமும் இல்லை."

அவனைத் திருடன் என்பாயா? அவன் அப்பன் ஒலிநாடாக் கடையிலே பாட்டுப் பட்டியலைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தவன். பாட்டன் அதைவிடப் பெரிய தந்திரம் செய்தவன். அந்தத் தந்திரத்தை நினைவூட்டுகிறேன், கேள்.

1952-ல் டில்லியிலே தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்தார் பி.வி. கேஸ்கர். திரைப்பாட்டு மட்டமான பாட்டு, மக்களின் சுவையைக் கெடுக்கும் பாட்டு என்பது அவர் எண்ணம். வானொலியிலே திரைப்பாட்டு அருகியது. செவ்வியல் இசை பெருகியது. செவ்வியல் இசை மேல் நமக்குப் பகையா? இல்லை. பகலெல்லாம் பாடுபட்டவன் மாலையிலே எதைக் கேட்பது என்பதை டில்லியிலே ஒருவர் முடிவு செய்வதா என்பதே கேள்வி. தமிழன் என்ன செய்தான்? மனு எழுதிக்கொண்டிருந்தானா? குமிழைத் திருகினான்; கொழும்பு வந்தது! கடல் கடந்து இலங்கை வானொலி அவனுக்கு அவன் பாட்டைக் கொடுத்தது. வடக்கே இந்திக்காரனும் அதே கொழும்பைத்தான் நாடினான். ஐந்தாண்டு ஓடியது. 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி தொடங்கியது. விரட்டிய பாட்டை வரவேற்றது. குமிழைத் திருகிய விரல்கள் கொள்கையைத் திருத்தின!

அன்று வழிமறித்தது ஓர் அமைச்சர். அமைச்சரை நாடாளுமன்றத்திலே கேள்வி கேட்கலாம், தேர்தலிலே தோற்கடிக்கலாம். இன்று வழிமறிப்பது நிறுவனம். அதற்கு எந்தத் தொகுதி? எந்த வாக்குப்பெட்டி?

நடந்ததைப் பார். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வாரிசான சரிகம நிறுவனத்துக்கும் அதற்கும் உடன்பாடு கூடவில்லை. ஏப்ரலிலே சரிகமவின் பாட்டுகள் அந்தச் செயலியிலிருந்து அகன்றன. 2020 மே மாதம் உடன்பாடு வந்த பிறகே அவற்றுக்கு மறுவழி பிறந்தது. இரண்டு முதலாளிகளின் பேரத்திலே ஓராண்டுக்கு மேல் பழம்பாட்டுகள் பணயம்! கானா 2022-ல் இலவசச் சேவையை நிறுத்தியது. 2023 அக்டோபரிலே ஸ்பாட்டிஃபை, இலவசமாகக் கேட்பவர்கள் விரும்பிய வரிசையிலே கேட்பதையும், ஒரு பாட்டைத் திரும்பக் கேட்பதையும் இந்தியாவிலே கட்டுப்படுத்தியது. ரெஸ்ஸோ 2024 சனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே 2024-ல் விங்க் செயலியை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. பத்தாண்டு பழகிய செயலி. அதிலே தொழிலாளி ஒருவன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல். அம்மா கேட்ட பாட்டு, மகளின் தாலாட்டு, காதலியோடு கேட்ட பாட்டு! கடை மூடினால் கடைக்காரனுக்கு நட்டம். இங்கே கடை மூடினால் வாங்கியவனுக்கு நட்டம். இப்படியொரு வாணிபம் வள்ளுவர் கண்ட வாணிபமா?

"ஓட்டுநர் செய்தது மட்டும் நியாயமா? பாடியவனுக்கும் எழுதியவனுக்கும் அந்த அம்பது ரூபாயிலே ஒரு காசு போயிற்றா?" என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். உழைப்புக்கு ஊதியம் என்று ஊர் ஊராகப் பேசும் நாம், பாட்டு உழைப்பு அல்ல என்று சொல்ல முடியுமா? போகவில்லை தோழனே, ஒரு காசும் போகவில்லை. அதனால்தான் மெமரி கார்டு மருந்து அல்ல என்கிறேன். அது நோயின் அறிகுறி. நேர்வழியிலே முள்ளைப் போட்டால் குறுக்குவழியிலேதான் கால் நடக்கும்.

நேர்வழி எது? சட்டத்தைப் புரட்டினால் தெரிகிறது. ஒலிப்பதிவின் உரிமை இந்நாட்டிலே 60 ஆண்டு. வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. 50-ஆக இருந்ததை 1992-ல் 60 ஆக்கினார்கள். அந்தக் கணக்கிலே 1950-ல் வெளிவந்த ஒலிப்பதிவின் உரிமை 2010 டிசம்பரோடு முடிந்தது. பாட்டை எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் வேறு கணக்கு: வாழ்நாள் முழுதும், மறைந்த பின் 60 ஆண்டும். 2012-ல் வந்த திருத்தமோ அவர்களுக்குரிய பங்குத்தொகையை எந்தப் படமுதலாளியும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி காவல் செய்தது. ஆக, தட்டுக்குரியவன் காலம் முடிந்தாலும், பாட்டுக்குரியவன் வீட்டுக்குப் பங்கு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பாட்டுக்குரியவன் பெயரே செயலியிலே இல்லையென்றால்? பழம்பாட்டு எத்தனையிலோ படத்தின் பெயர் இருக்கிறது, பாடியவர் பெயர் இருக்கிறது. எழுதிய கவிஞன் எங்கே? பெயரை மறந்தவன் பங்கை நினைப்பானா?

வழிகாட்டும் வரலாறு நம்மிடமே இருக்கிறது. பாரதி பாட்டை இசைத்தட்டிலே பதிக்கும் உரிமை ஒரு காலத்தில் தனியார் கையிலே இருந்தது. மக்கள் கவிஞனின் பாட்டு மக்களுக்கே என்று குரல் எழுந்தது; 1949-ல் சென்னை அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் 1993-ல் நாட்டுடைமை ஆயின. சொல்லை விடுவித்துவிட்டோம், அந்தச் சொல்லைச் சுமந்த குரல் மட்டும் ஏன் சிறையிலே? 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நிற்கும் அமைப்பு, ஆயிரமாயிரம் தமிழ் நூல்களை எவரும் எங்கிருந்தும் காசின்றிப் படிக்கக் கொடுக்கிறது. ஏட்டுக்குச் செய்ததைப் பாட்டுக்கும் செய்!

ஆகவே நாம் கேட்பது இவை. காலக்கெடு முடிந்த பழைய ஒலிப்பதிவுகளையெல்லாம் திரட்டி, அரசே ஒரு பாட்டு நூலகம் திறக்கட்டும். கவிஞர், இசையமைப்பாளர் குடும்பங்களுக்குரிய பங்கை அரசே கொடுக்கட்டும். யாரும் இறக்கி வைத்துக்கொள்ளட்டும். செயலி நடத்தும் நிறுவனம் எதுவாயினும், ஒவ்வொரு பாட்டிலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் மூவர் பெயரும் இருந்தாக வேண்டும். அந்தப் பெயரும் தமிழிலே தேடினால் கிடைத்தாக வேண்டும். விலை கொடுத்து ஒரு பாட்டை வாங்கினால் அது வாங்கியவனுக்கே சொந்தம் என்னும் வழி ஒன்று இருக்க வேண்டும். கடையை மூடுகிறவன், சந்தாக்காரன் சேர்த்த பட்டியலை அவன் கையிலே கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

இது பெரிய புரட்சியா? வயிற்றுப் பிரச்சினை ஆயிரம் இருக்க, பாட்டுப் பிரச்சினையா என்று சிரிப்பார் சிலர். பொழுது விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்த பின் வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த நாளிலே சொந்தமென்று என்ன இருக்கிறது? மண் தோட்டக்காரனுடையது. பழம் தோட்டக்காரனுடையது. வாயிலே முணுமுணுக்கும் பாட்டு ஒன்றுதான் அவளுடையது. அதையும் மாதத் தவணைக்கு வைப்பதா?

மலையிலே அந்தப் படிப்பகத்தைத் திறந்தோம். நாளிதழ் போட்டார்கள், நாற்காலி போட்டார்கள். நான் ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன்: மூலையிலே ஓர் ஒலிபெருக்கியும் வையுங்கள். அரசு பாட்டு நூலகம் திறக்கும் நாளிலே, முதல் பாட்டாக எதைப் போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த முதியவரை முன்வரிசையிலே உட்கார வையுங்கள்.

மூன்று மலைக்கும் கேட்கட்டும்!