பொதுக் கம்ப்யூட்டரும் பொதுக் கடமையும்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் பேரருவியின் கீழ் எண்ணற்றோர் நீராடுகின்றனர். ஒருவர் விலகினால் மற்றொருவர் நிற்கிறார். முன்னவர் மேனியின் அழுக்குப் பின்னவரைத் தீண்டுவதில்லை. கணந்தோறும் புதுப்புனல் வந்துகொண்டேயிருக்கிறது. பொதுச் சொத்துக்கு இதுவே இலக்கணம். வாசகசாலைகளில் பொது ஜன உபயோகத்துக்கென வைக்கப்படும் கம்ப்யூட்டர்களோ, காவலின்றி விடப்பட்டால் குட்டைத் தண்ணீராகிவிடுகின்றன. ஒருவர் கலக்கியதை அடுத்தவர் பருக நேரிடுகிறது.

இதனை அற்ப விஷயமென்று சிலர் நகைக்கலாம். கிராமத்திலிருந்து பஸ் ஏறித் தென்காசிக்கு வரும் ஏழை வாலிபன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாள். முன்பு அமர்ந்தவர் தமிழ்99 விசைப்பலகையைத் தட்டெழுத்து முறைக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். ஓரெழுத்தை அழுத்தினால் வேறெழுத்து விழுகிறது. வேறொருவர் தேதியை மாற்றிவிட்டார். அதனால் பாதுகாப்புள்ள வலைத்தளங்கள் திறக்க மறுக்கின்றன. சீமான் வீட்டுப் பிள்ளைக்குச் சொந்த யந்திரம் உண்டு. நஷ்டம் முழுவதும் ஏழையின் தலையில்தான் விழுகிறது.

இந்த வாசகசாலைகள் எவரும் இட்ட பிச்சையல்ல. 1948ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. ஜனங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகின்றனர். ஆகவே, சீராக இயங்கும் கம்ப்யூட்டரைக் கேட்பது அவர்களது உரிமையேயாகும்.

பரிகாரம் யாது? முதலாவது, நிர்வாகக் கணக்கு நூலகரிடம் மட்டும் இருத்தல் வேண்டும். வாசகர்களுக்குச் சாதாரணக் கணக்கே போதும். இரண்டாவது, யந்திரத்தை அணைத்து மறுபடி இயக்கியதும் பழைய நிலைக்கே திரும்பச் செய்யும் ஏற்பாடு வேண்டும். டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்கள் இவ்வேலையைச் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் கம்பெனி முன்பு இலவசமாக அளித்த ஸ்டெடிஸ்டேட் என்பதை 2010ஆம் வருஷ முடிவில் நிறுத்திக்கொண்டது. அந்நிய கம்பெனியின் தயவை மட்டும் நம்பியிருப்பதன் பலன் இது. நமது நாட்டு ஸி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் பரிசோதித்துப் பார்க்கலாமன்றோ? மூன்றாவது, பென் டிரைவிலிருந்து யந்திரத்தை இயக்கவொட்டாமல் பயாஸ் அமைப்புக்குக் கடவுச்சொல் இடவேண்டும். வாசற்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதில் பயனில்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் சொல்லுவோம். பழைய நிலைக்குத் திரும்பும் யந்திரம் வாசகர் எழுதியதையும் அழித்துவிடும். இதைத் தமிழில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டவேண்டும். அன்றியும், பாதுகாப்புத் திருத்தங்களை நிலையாகப் பதிக்க, குறித்த நேரத்தில் பூட்டைத் தளர்த்தவேண்டும். இல்லையேல் அவையும் மறைந்துபோம்.

பூட்டுப் போடுவதிலேயே அதிகாரிகள் திருப்தியடைந்துவிடலாகாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புஸ்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். நூல்கள் உபயோகத்திற்கே என்பதை 1931இல் வெளிவந்த தம் நூலில் முதல் விதியாக வகுத்தவர் நமது சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். கண் மங்கிய பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். பார்வையற்றவர் திரை வாசிப்பானை இயக்கட்டும். தட்டெழுத்து பழகியவர் தம் முறையிலேயே எழுதட்டும். அவர் எழுந்து சென்றதும் யாவும் முன்னிலைக்கு மீளவேண்டும், அவ்வளவே. தடுப்பதினும் மீட்பதே சிறந்ததென்பது நமது துணிபு.

யந்திரம் வாங்கித் திறப்பு விழா நடத்துவதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. தாலுகாவுக்கு ஒருவரேனும் இத்தொழில் அறிந்தவரை நியமித்து, வாரந்தோறும் மேற்பார்வை செய்விக்கவேண்டும். வாசகர் வட்டங்களிலுள்ள வாலிபர்களும் நூலகருக்குத் துணை நிற்கவேண்டும். மேடைப் பிரசங்கத்தினும் இது மேலான தேச சேவை.

15ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் அடி பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். கட்டிய மன்னனே காப்பவனை வணங்கினான். அவ்வூரில் வாழும் நமக்கு, பொதுச் சொத்தைக் காக்கும் கடமையை வேறெவர் வந்து போதிக்கவேண்டும்?